வானிலையும் தக்காளிப் பூச்சிகளும்

வவுனியாப் பகுதிக் கமக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

மழையையும் வெயிலையும் பயிருக்கு வேண்டிய நீரின் அளவைக் கொண்டே கமக்காரர் மதிப்பிடுவது வழக்கம். குளம் நிரம்பியதா, கிணறு ஊறியதா என்பனவே அவர் கேட்கும் முதற் கேள்விகள். ஆயினும், தக்காளி பயிரிடுவோர் வானிலையை வேறொரு நோக்கத்துடனும் அவதானித்தல் வேண்டும். பயிரைத் தாக்கும் பூச்சிகள் எப்பொழுது பெருகும், எப்பொழுது ஒடுங்கும் என்பதைப் பெரும்பாலும் வெப்பம், மழை, ஈரப்பதன், காற்று ஆகிய நான்குமே தீர்மானிக்கின்றன. இவற்றை அறிந்தவர் பூச்சி வருமுன் காத்துக்கொள்வார். அறியாதவர் பூச்சியைக் கண்ட பின்னர் மருந்து தேடிச் செல்வார். தக்காளியைப் பொறுத்தவரை, பின்னவருடைய முயற்சி பல வேளைகளிற் காலங் கடந்ததாகவே முடிகின்றது. ஏன் என்பதை இத்துண்டுப்பிரசுரம் விளக்கும்.

வெப்பமும் பூச்சியின் வளர்ச்சியும்

மனிதர், கால்நடைகள் ஆகியோரின் உடல் வெப்பம் எக்காலத்தும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். பூச்சிகளுக்கு அவ்வாறன்று. சுற்றியுள்ள காற்றின் வெப்பமே அவற்றின் உடல் வெப்பமுமாகும். ஆகவே காற்றுக் குளிரும்போது அவற்றின் வளர்ச்சி தாமதிக்கின்றது. காற்று வெம்மையுறும்போது அது விரைவடைகின்றது.

தக்காளியின் முதற் பகையாகிய வெண் ஈயை எடுத்துக்கொள்வோம். இது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ளது. இலையின் அடிப்பக்கத்தில் தங்கிச் சாற்றை உறிஞ்சுவது. இதன் முட்டை வளர்ந்து பறக்கும் ஈயாவதற்கு, 15 பாகை செல்சியசு வெப்பத்தில் இரண்டு மாதங்களுக்கு மேற் செல்லும். 30 பாகையில் ஏறத்தாழ 17 நாட்களே போதும். இலையின் அடியில் வலைபோன்ற நூலிழைத்து வாழும் சிற்றுண்ணியோ, வெப்பமான வறண்ட நாட்களில் ஏறத்தாழப் பத்து நாட்களில் ஒரு தலைமுறையை முடித்துவிடும்.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கினால் உணரலாம். ஒரு பெண் வெண் ஈ நூறு முட்டைகளை இடுவதாகக் கொள்க. வறண்ட காலத்தில் பத்துக்கு ஒன்று வீதம் பிழைத்தால் பத்து ஈக்கள் தேறும். அவற்றுட் பாதி பெண்களாயின், அடுத்த தலைமுறையில் ஐந்து பெண் ஈக்கள் இருக்கும். அதற்கடுத்ததில் இருபத்தைந்து, மூன்றாவதில் நூற்றிருபத்தைந்து. மழைக்காலத்தில் ஐம்பதுக்கு ஒன்று வீதமே பிழைத்தால், ஒரு பெண் ஈயின் இடத்தை மற்றொரு பெண் ஈ மாத்திரமே நிரப்பும், பெருக்கம் இல்லை. இது எடுத்துக்காட்டுக் கணக்கே எனினும், மழை நின்ற இரண்டு மாதங்களின் பின்னர் ஈக்கள் "திடீரென" வந்தனபோற் தோன்றுவதன் காரணம் இதிலிருந்து தெளிவாகும். அவை திடீரென வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு தொகையாக முன்னரே இருந்து, வானிலை இடங்கொடுத்தபோது பெருகியவையாகும்.

மழை, ஈரம், காற்று

கனமழை சிறு பூச்சிகளை நேரடியாக அழிக்கின்றது. வெண் ஈ, அழுக்கணவன், பனிப்பூச்சி ஆகியன மழைத்துளியின் வேகத்தால் இலையினின்று வீழ்த்தப்பட்டு நீரில் அடித்துச் செல்லப்படுகின்றன. காய் துளைக்கும் புழுவின் முட்டைகளும், அப்போதுதான் பொரித்த இளம் புழுக்களும் இவ்வாறே கழுவப்படுகின்றன. பனிப்பூச்சி தன் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணிற் கழிப்பதால், நிலம் நீரில் ஊறும்போது அப்பருவமும் அழிகின்றது. இப்பூச்சியின் பெயரிற் பனி இருப்பினும், அதனை வளர்ப்பது வறட்சியே.

காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது, அழுக்கணவன், வெண் ஈ, சிற்றுண்ணி ஆகியவற்றின் உடலில் வளர்ந்து அவற்றைக் கொல்லும் பங்கசுகள் செழிக்கின்றன. கமக்காரருக்குச் செலவின்றிக் கிடைக்கும் உதவி இது. ஆயினும் அதே ஈரம், தக்காளியின் இலைப்புள்ளி நோய்களுக்கும், நீர் தேங்கும் நிலத்திற் பற்றீரியா வாடலுக்கும் துணைசெய்யும். எனவே வடிகால் இன்றி மழையை மாத்திரம் நம்பியிருத்தல் தகாது.

மழை எல்லாப் பூச்சிகளையும் ஒடுக்குவதன்று என்பதையும் நினைவிற் கொள்க. நீண்ட வறட்சியின் பின்னர் முதன் மழை பெய்து, களைகளும் பயிர்களும் ஒருங்கே தளிர்க்கும் வேளையில், கூட்டமாக முட்டையிடும் அந்துப்பூச்சிகளின் புழுக்கள் இலைகளை அரித்துத் தின்னும். ஐப்பசி மாதத்து முதன் மழையைத் தொடர்ந்து வரும் இரண்டு மூன்று வாரங்களில், இலைகளின் அடிப்பக்கத்தில் மயிர் போன்ற மூடலுடன் காணப்படும் முட்டைக் குவியல்களைத் தேடி அழிப்பது நன்று. ஒரு குவியலை நசுக்குவதால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழிகின்றன.

காற்று பூச்சிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்கின்றது. வெண் ஈயும் பனிப்பூச்சியும் வலிமையாகப் பறப்பன அல்ல. காற்றின் வழியே மிதந்து செல்வன. சிற்றுண்ணிக்குச் சிறகே இல்லை. எனினும் காற்று அதனையும் சுமந்து செல்லும். ஆகவே காற்று வரும் திசையில் நோயுற்ற பழைய தோட்டம் ஒன்றிருப்பின், அதன் கீழ்க்காற்றுப் பக்கத்திற் புதிய நாற்றுமேடை அமைத்தல் பெரும் பிழையாகும்.

வவுனியாவின் பருவங்களும் பூச்சிகளும்

வவுனியா மாவட்டம் உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீற்றர் மழை பெறும் இம்மாவட்டத்தில், அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மூன்று மாதங்களில் வீழ்கின்றது. பங்குனி, சித்திரையில் இடைப்பருவ மழை சிறிது பெய்யும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை வறண்ட சோழகக் காற்று வீசும்.

மாரிக்காலம் (ஐப்பசி - மார்கழி): சாறு உறிஞ்சும் பூச்சிகள் ஒடுங்கியிருக்கும் காலம். தக்காளிக்கு இக்காலத்தில் நீர் தேங்கலும் வாடலுமே பெருங்கேடுகள். உயர்த்திய பாத்திகளும் வடிகாலும் இன்றியமையாதன.

பனிக்காலம் (தை - மாசி): மழை ஓய்ந்து, இரவில் வெப்பம் 20 பாகைக்கு அண்மையாகத் தாழும் காலம். தக்காளி பூத்துக் காய்ப்பதற்கு மிகவும் உகந்தது இதுவே. ஆனால் பூச்சிகளின் பெருக்கம் தொடங்குவதும் இப்போதுதான். குளிர்ச்சியும் வறட்சியும் சேர்ந்த இக்காலத்தில் அழுக்கணவன் முதலில் தோன்றும். மாசி மாதத்தில் வெண் ஈயும் பனிப்பூச்சியும் பெருகத் தொடங்கும். இம்மாவட்டத்தில் காலபோகத்திற் பெருமளவிற் பயிரிடப்படும் உழுந்து காய்ந்து பிடுங்கப்படுவதும் இக்காலத்திலேயே என்பதைக் கவனிக்க. உழுந்தும் வெண் ஈ வாழும் பயிராகும். அது காய்ந்ததும், அதில் வாழ்ந்த ஈக்கள் பசுமையான பயிரைத் தேடிப் புறப்படும். அண்டையில் நீர் இறைத்து வளர்க்கப்படும் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டி ஆகியனவே அவற்றின் புகலிடங்கள்.

கோடைக்காலம் (பங்குனி - ஆவணி): பகல் வெப்பம் 33, 34 பாகையை எட்டும். வெண் ஈ, பனிப்பூச்சி, சிற்றுண்ணி, இலைகளில் வெண்ணிறக் கோடுகளாகச் சுரங்கம் அறுக்கும் ஈயின் புழு ஆகிய யாவும் மிகுந்திருக்கும். இடைப்பருவ மழை அவற்றைச் சில வாரங்கள் அடக்கும். சோழகம் தொடங்கியதும் அவை மீண்டும் பெருகும். சிறுபோகத்தில் நெல்லுக்குப் பதிலாக வயலில் மரக்கறி செய்வோர் எதிர்கொள்வது இந்நிலையையே.

இவ்வட்டவணை எல்லா ஆண்டுகளிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. 2016 ஆம் ஆண்டின் இறுதியில் மாரி பொய்த்து, 2017 இலும் கடும் வறட்சி நீடித்தது. மாறாக, 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அன்று, மாரியின் நடுவில், டிசம்பர் 2 ஆம் நாளன்று புரெவிச் சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையில் ஏறி, வன்னியைக் கடந்து சென்றது. மாரி பொய்த்த ஆண்டில் மாசியில் எதிர்பார்க்கும் பூச்சியை மார்கழியிலேயே எதிர்பார்த்தல் வேண்டும். எனவே நாட்காட்டியை மட்டுமன்றி வானத்தையும் பார்த்தே கமக்காரர் முடிவுசெய்தல் வேண்டும்.

இலைச்சுருள் நோய்: வானிலையாற் பெருகும் இழப்பு

வெண் ஈ சாற்றை உறிஞ்சுவதால் மாத்திரம் தக்காளி அழிந்துபோவதில்லை. அது காவிவரும் இலைச்சுருள் வைரசே பேரிழப்பை விளைவிப்பது. நோயுற்ற செடியில் அரை மணி நேரமளவு உறிஞ்சிய ஈ வைரசைப் பெற்றுக்கொள்ளக்கூடும். அதன் பின்னர் நெடுங்காலம், பெரும்பாலும் தன் வாழ்நாள் முழுவதும், பிற செடிகளுக்கு அதைப் பரப்பும். இலங்கையில் இந்நோயை உண்டாக்கும் வைரசு வகையொன்று, 1997 ஆம் ஆண்டில் பண்டாரவளையிற் பெறப்பட்ட மாதிரியிலிருந்து இனங்காணப்பட்டு, இலங்கையின் பெயராலேயே வழங்குகின்றது.

இந்நோய் வானிலையுடன் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்துள்ளது என்பதற்குத் தென்னிந்தியாவிற் செய்யப்பட்ட ஆய்வொன்று நல்ல சான்றாகும். கருநாடக மாநிலத்தில் சைக்கியா, முனியப்பா ஆகிய அறிஞர்கள் செய்து 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்வாய்வின்படி, யூலை தொடக்கம் நவம்பர் வரையான மழைக்காலத்திற் பயிரிட்ட தக்காளியில், நோய்க்கு எளிதில் உட்படும் இனங்களிற்கூட, நூற்றுக்கு 17 முதல் 53 வரையான செடிகளே நோயுற்றன. பெப்ரவரி தொடக்கம் மே வரையான வெப்பமான வறண்ட காலத்திற் பயிரிட்டபோதோ நூற்றுக்கு நூறும் நோயுற்றன. இனம் அதுவே, மண்ணும் அதுவே, நட்ட காலமே வேறு.

செடி எவ்வளவு இளமையில் நோயுறுகின்றதோ அவ்வளவு இழப்பு மிகும். நட்ட முதல் மாதத்திற்குள் நோய் தொற்றிய செடி குன்றி, நுனி இலைகள் சிறுத்துச் சுருண்டு, விளிம்புகள் மஞ்சளாகி, காய்க்காமலே நிற்கும். காய்பிடித்த பின்னர் தொற்றினால் ஓரளவு விளைவேனும் கிட்டும். நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஈயைக் கொல்லும் மருந்து உண்டு. வைரசைக் கொல்லும் மருந்து இல்லை. காலங்கடந்து தெளிக்கும் மருந்துக்குச் செலவழிக்கும் பணம் வீணாவது இதனாலேயே.

வெயிலின் விளைவைப் பூச்சியின் விளைவெனக் கருதற்க

கடும் வெயிலிலும் நீர்க்குறைவிலும் தக்காளியின் அடி இலைகள் மேல்நோக்கிச் சுருளுவதுண்டு. அவ்விலைகள் தடித்து, பச்சை நிறம் மாறாதிருக்கும். நுனி தொடர்ந்து வளரும். இது செடி நீரைச் சேமிக்கும் முறையேயன்றி நோயன்று. இலைச்சுருள் நோயில் மாற்றம் முதலில் நுனியிலேயே தோன்றும்.

அவ்வாறே, இரவு வெப்பம் மிகும் சித்திரை, வைகாசி மாதங்களில் பூக்கள் காய்பிடிக்காமல் உதிரும். இதனைப் பூச்சியின் வேலை எனக் கருதி மருந்து தெளிப்போர் உளர். வெப்பத்தால் உதிரும் பூவை எம்மருந்தும் நிறுத்தாது. தெளித்த மருந்தோ, பொறிவண்டு, சிலந்தி, ஒட்டுண்ணிக் குளவி முதலிய நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று, பின்னர் வரும் பூச்சிகளுக்கு வழிதிறந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. நடுகைக் காலத்தைத் தெரிந்துகொள்ளல். செடியின் இளம் பருவம் மழை ஓயும் காலத்திலும், காய்க்கும் பருவம் தை, மாசியிலும் அமையுமாறு விதைத்தல் நன்று. வெண் ஈ பெருகும் பங்குனியில் நாற்று இளஞ்செடியாயிருத்தல் ஆகாது. காலந்தாழ்த்தி நடுவோர் பின்வரும் பாதுகாப்புகளைத் தவறாது கைக்கொள்ளல் வேண்டும்.

2. நாற்றுமேடையை வலையால் மூடல். விதைத்த நாள் தொடக்கம் பிடுங்கும் நாள் வரை, அங்குலத்திற்கு 50 கண்கள் கொண்ட பூச்சிவலையால் நாற்றுமேடையை முற்றாக மூடுக. நுளம்புவலையின் கண்கள் வெண் ஈயைத் தடுக்கப் போதா. வலையின் விளிம்புகளை மண்ணிற் புதைத்தல் அவசியம்.

3. பழைய பயிரை அகற்றல். அறுவடை முடிந்த தக்காளியை நிலத்தில் நிற்கவிடுதல் நோயை வளர்த்து வைப்பதற்கு ஒப்பாகும். உழுந்தில் மஞ்சள் சித்திரவடிவ நோயை உண்டாக்கும் வைரசு வேறு, தக்காளியின் வைரசு வேறு. ஆனால் இரண்டையும் காவுவது அதே ஈ. தக்காளி வைரசின் முக்கிய இருப்பிடம் நோயுற்ற பழைய தக்காளியே. புதிய நாற்றுகளை நடுமுன்னரே அதனைப் பிடுங்கி எரித்தல் அல்லது ஆழப் புதைத்தல் வேண்டும்.

4. தடைப்பயிரும் மூடுபடையும். நடுகைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே, காற்று வரும் பக்கத்திற் சோளனை இரண்டு மூன்று வரிசைகளாக விதைத்தால், காற்றில் வரும் ஈக்கள் ஓரளவு தடைப்படும். பாத்திகளில் வைக்கோல் பரப்புதல், இளஞ்செடிகளில் ஈ வந்திறங்குவதைக் குறைப்பதுடன் நிலத்தின் ஈரத்தையும் காக்கும். நெற்செய்கையாளருக்கு வைக்கோல் கைவசமுள்ள பொருளே.

5. நெல்லுக்குப் பின் தக்காளி. காலபோகத்தில் நீர் நிறைந்து நின்ற வயலில், மண்ணில் வாழும் பனிப்பூச்சி, காய் துளைப்பான் ஆகியவற்றின் கூட்டுப்புழுக்கள் எஞ்சுவதில்லை. ஆதலின் நெல் அறுத்த வயல் தக்காளிக்குத் தூய நிலமாகும். அயலிலிருந்து பறந்து வருபவற்றை மாத்திரமே காக்க வேண்டியிருக்கும். மேட்டுநிலத் தோட்டங்களிலோ, நடுகைக்கு முன் ஆழ உழுது வெயிலில் உலரவிட்டால், மேலே புரளும் கூட்டுப்புழுக்களை வெயிலும் பறவைகளும் அழிக்கும்.

6. வாரம் இருமுறை பார்வையிடல். விடியற்காலையில் ஈக்கள் மந்தமாயிருக்கும். அதுவே இலையைப் புரட்டிப் பார்க்க ஏற்ற வேளை. தோட்டத்தின் பல பகுதிகளிலும் இருபது செடிகளைப் பார்க்க. மஞ்சள் நிறத் தகட்டில் ஆமணக்கெண்ணெய் அல்லது கிறீசு பூசி ஆங்காங்கே நிறுத்தினால், ஈக்களின் வருகை முன்கூட்டியே தெரியவரும். நட்ட ஒரு மாதத்திற்குள் நுனி சுருண்ட செடியைக் கண்டால் இரக்கமின்றிப் பிடுங்குக. துளைபட்ட காய்களை நிலத்திற் போடாது சேர்த்து அழிக்க.

7. யூரியாவை அளவோடு இடல். மிகுதியாக இட்ட யூரியா இளந்தளிரைப் பெருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகள் விரும்புவதும் அதனையே.

மருந்து தெளிப்பதும் வானிலையும்

மருந்து தவிர்க்க முடியாததாயின், அதற்கும் வானிலை அறிதல் வேண்டும். மழை வரும் அறிகுறியுள்ள நாளிற் தெளித்த மருந்து கழுவப்பட்டுக் குளத்தையும் கிணற்றையும் சேரும். உச்சிவெயிலிற் தெளித்தால் துளிகள் இலையை அடையுமுன்னரே உலரும். சோழகம் வேகமாக வீசும்போது தெளித்தால் மருந்து அயலாரின் பயிரிலும் தெளிப்பவரின் உடலிலும் படும். காற்று அடங்கிய மாலை வேளையே ஏற்றது. வேப்பம் விதைச்சாறு வெயிலில் விரைவாகச் சிதைவதால், அதனை மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையுமாறு தெளித்தல் மிக அவசியம்.

ஒரே வகை மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தால் வெண் ஈ அதனைத் தாங்கப் பழகிவிடும். வெப்பமான காலத்தில் ஆண்டுக்கு இத்தனை தலைமுறைகள் தோன்றும் பூச்சியில் இது விரைவாகவே நிகழும். முன்னர் வழங்கிய சில மருந்துகள் இன்று சட்டப்படி கூடாதன என்பதையும் மறத்தலாகாது. மொனோகுரொட்டோபொசு 1995 ஆம் ஆண்டிலும், எண்டோசல்பன் 1998 ஆம் ஆண்டிலும் இந்நாட்டிற் தடைசெய்யப்பட்டன. பதிவுபெற்ற மருந்தையே வாங்கி, சிட்டையிற் கூறிய அளவிற் கலந்து, அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களை விட்டே காய் பறித்தல் வேண்டும். மக்கள் தக்காளியைப் பச்சையாகவும் உண்பர் என்பதை எண்ணிப் பார்க்க.

ஒரு குறிப்பேடு

இவை யாவற்றுக்கும் துணையாக, ஒவ்வொரு கமக்காரரும் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் நலம். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உடைய வெறும் பேணியொன்றைத் திறந்த வெளியில் மட்டமாக நிறுத்துக. மழை பெய்த மறுநாட் காலையில் அதிலுள்ள நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்தால், அத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது எனக் கொள்ளலாம். மழையளவு, கடைசிக் கனமழை பெய்த நாள், முதல் வெண் ஈயைக் கண்ட நாள், முதல் நோய்ச்செடியைப் பிடுங்கிய நாள் ஆகியவற்றைக் குறித்து வருக. கடைசிக் கனமழையிலிருந்து மூன்று வாரம் ஒரு தலைமுறை என எண்ணிவந்தால், ஆபத்துக் காலம் எப்போது தொடங்கும் என்பது தெரியும். இரண்டு மூன்று ஆண்டுகளின் குறிப்புகள், உங்கள் நிலத்திற்கு எந்த வாரத்தில் நடுவது நல்லது என்பதை வேறெவரையும் விடத் தெளிவாக உங்களுக்குக் கூறும்.

வெண் ஈக்கு வேலியில்லை. ஒருவர் வலையிட்டு நாற்று வளர்க்க, அயலவர் நோயுற்ற பழைய பயிரை விட்டுவைத்தால் இருவருக்கும் நட்டமே. ஆகவே ஒரு கண்டத்துக் கமக்காரர் யாவரும் கூடிப் பேசி, பழைய பயிரை அகற்றும் நாளையும் புதிதாக நடும் வாரத்தையும் ஒன்றாகத் தீர்மானித்தல் வேண்டும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ நாடுக. ஐயமுள்ள செடியின் நுனியை ஒரு பையிலிட்டு உடன் கொண்டுசெல்லுதல் நலம்.